குர்தாஸ்பூர் மாவட்டம்: எந்த வருட எல்லை, காணி ஏடு யாரிடம்?

ஹட்டன் மாணவி:
பஞ்சாபின் குர்தாஸ்பூரையும் நுவரெலியாவையும் ஒப்பிட்டு ஒப்படை எழுத வேண்டும். ஒரு நூலில் நான்கு தாசில் (மாவட்டத்தின் உட்பிரிவு) என்று இருக்கிறது, இன்னொன்றில் பதான்கோட்டையே காணோம். பட்வாரி என்பவர் நம்ம ஜீ.எஸ். (கிராம சேவகர்) மாதிரியா? தெரிந்த சேர்மார் யாராவது விளக்குங்கள்.

கொட்டகலை வாசகர்:
தங்கச்சி, முதலில் எந்த வருடத்து குர்தாஸ்பூர் என்று தீர்மானியுங்கள். 1849இல் பிரித்தானியர் பஞ்சாபைப் பிடித்தார்கள். 1852இல் தலைமையகம் குர்தாஸ்பூருக்கு வந்தது. 1947இல் இருந்த நான்கு தாசில்கள் குர்தாஸ்பூர், பட்டாலா, பதான்கோட், ஷக்கர்கர்.

இந்திய சுதந்திரச் சட்டத்தின் தற்காலிகப் பட்டியலில் முழு மாவட்டமும் மேற்குப் பஞ்சாபில், அதாவது பாகிஸ்தான் பக்கம் இருந்தது. இரு நாட்டு எல்லையை வகுத்த ராட்கிளிஃப் தீர்ப்பு வெளியானதோ ஆகஸ்ட் 17இல். அதன்படி ஷக்கர்கர் மட்டும் பாகிஸ்தானுக்கு, மற்ற மூன்றும் இந்தியாவுக்கு. "உஜ் ஆறுதான் எல்லை" என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆறு ஓடும் தடம் அல்ல, தாசில் எல்லையே எல்லை என்று தீர்ப்பு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆறு தடம் மாறினாலும் கோடு நகராது.

ஷக்கர்கர் முதலில் பாகிஸ்தானின் சியால்கோட் மாவட்டத்தில் சேர்ந்தது, பிறகுதான் 1991இல் உருவான நரோவால் மாவட்டத்துக்குப் போனது. சீக்கியரின் கர்தார்பூர் குருத்வாரா அங்கே, எதிரே தேரா பாபா நானக் ஊர் இந்தியப் பக்கம். 1966இல் டல்ஹவுசி மலைநகர் இந்த மாவட்டத்திலிருந்து இமாசலத்துக்குப் போனது. 2011 ஜூலையில் பதான்கோட் தனி மாவட்டமானது. அதே வருடக் கணக்கெடுப்பு அதற்கு முன்பே நடந்ததால், 2,298,323 என்ற தொகையில் பதான்கோட்டும் அடக்கம். இன்றைய மாவட்டத்துக்கு அந்த எண்ணை அப்படியே போட்டால் பிழை.

பண்டாரவளை நில அளவை:
பட்வாரி ஜீ.எஸ். அல்ல. ஜீ.எஸ். வதிவிடச் சான்றிதழ் தருவார், வாக்காளர் இடாப்பு பார்ப்பார். நம் காணி உறுதி பதிவாவது காணிப் பதிவகத்தில். பஞ்சாபிலோ பட்வாரியின் கையில்தான் ஊரின் காணி ஏடே இருக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை வயல் வயலாகப் பயிர் பார்த்து எழுதுவது கிர்தாவரி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் காணி உரிமை ஏடு ஜமாபந்தி. கைமாற்றம் இந்தகால், ஏட்டின் பிரதி ஃபர்து. பட்வாரிக்கு மேலே அவரைக் கண்காணிக்கும் கானூங்கோ, நாயப் (துணை) தாசில்தார், தாசில்தார், எஸ்.டி.எம். (உபகோட்ட மஜிஸ்திரேட்), கடைசியில் மாவட்டத் தலைவரான துணை ஆணையர்.

ஜமாபந்தியில் உரிமையாளருக்கு ஒரு நிரல், பயிர் செய்பவருக்குத் தனி நிரல். தோட்ட லயத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தும் காணி ஏட்டில் பேர் ஏறாத நம்மவர்களுக்கு இந்த இரண்டாவது நிரல் யோசிக்க வேண்டிய விடயம். இதை ஒப்படையில் விடாதீர்கள்.

அளவைக்குத் தலையைப் பிய்க்க வேண்டாம். ஒரு மர்லா 272.25 சதுர அடி, அச்சொட்டாக நம்ம பேர்ச். 20 மர்லா ஒரு கனால், 8 கனால் ஒரு ஏக்கர்.

ஹட்டன் மாணவி:
அப்போ ஒரு கனால் 20 பேர்ச்! பாகிஸ்தான் பக்கமும் இதே கணக்கா?

பண்டாரவளை நில அளவை:
வயற்காணியில் ஆம். நகர வீட்டுத் திட்டங்களில் மர்லா 225 சதுர அடி என்றும் வரும், எது என்று பார்த்து எழுதுங்கள்.

மஸ்கெலியா:
துணை ஆணையரை அரசாங்க அதிபரோடு ஒப்பிடலாம், ஆனால் முழுதும் பொருந்தாது. அவர் வருமானக் கலெக்டர், மாவட்ட மஜிஸ்திரேட்டும் கூட. நம்ம ஜீ.ஏ.க்கு மஜிஸ்திரேட் அதிகாரம் கிடையாது. தாசிலும் பிளாக்கும் ஒன்றல்ல: தாசில் காணி, வரி வேலைக்கு, பிளாக் ஊராட்சி, அபிவிருத்தி வேலைக்கு. இங்கே பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் குழப்புவது போலத்தான் பலர் அங்கேயும் குழப்புகிறார்கள். இன்னொன்று, பட்டாலா வருமான நிர்வாகத்தில் குர்தாஸ்பூருக்குள், ஆனால் பொலிஸுக்குத் தனி மாவட்டம். குற்றப் புள்ளிவிவரம் எடுத்தால் இரண்டையும் கூட்டிப் போடுங்கள்.