என்டிஎம்-1 படிகத்தில் இரண்டாவது ஜிங்க் மட்டும் சரியாக உட்காரவில்லை

கேள்வி (மேப்வாசி):
கார்பபெனெம் என்னும் ஆன்டிபயாடிக் மருந்துகளை உடைக்கும் என்டிஎம்-1 நொதியின் படிகம், 2.0 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் எக்ஸ்ரே டேட்டா. ஹிஸ்120, ஹிஸ்122, ஹிஸ்189 (மூன்றும் ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள்) பிடித்திருக்கும் முதல் ஜிங்க் பளிச்சென்று தெரிகிறது. ஆஸ்ப்124, சிஸ்208, ஹிஸ்250 பக்கத்து இரண்டாவது ஜிங்க்கை முழு ஆக்குபன்சியில் (எல்லா மூலக்கூறுகளிலும் இருப்பதாக) வைத்தால் டிஃபரன்ஸ் மேப்பில் சிவப்பு, அதாவது டேட்டாவில் அவ்வளவு எலக்ட்ரான் இல்லை; பி-ஃபேக்டர் (அணு எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) 58, சுற்றியுள்ள அணுக்களுக்கு 24. படிகம் வந்தது 0.1 மோலார் சோடியம் சிட்ரேட் பிஎச் 5.6, பெக் 4000 (படிகமாக்க உதவும் பாலிமர்) கரைசலில். செல் உடைக்கும்போது சாதாரண புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரை, பிறகு நிக்கல் காலம் (புரதத்தைச் சுத்திகரிக்கும் column), கடைசி பஃபரில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க 2 மில்லிமோலார் டிடிடி. இதிலேயே மெரோபெனெம் (ஒரு கார்பபெனெம்) சோக் செய்யலாமா, அதாவது படிகத்தை மருந்துக் கரைசலில் ஊறவைக்கலாமா?

பதில் (துத்தநாகன்):
சோக் இப்போது வேண்டாம். உங்கள் பஃபர்களிலேயே மூன்று ஜிங்க் திருடர்கள் இருக்கிறார்கள்: மாத்திரையில் உள்ள இடிடிஏ (உலோகத்தைப் பிடிக்கும் பொருள்), டிடிடி, சிட்ரேட். சிட்ரேட்தான் மோசம், ஏனென்றால் படிகம் வளரும் நாளெல்லாம் அது கூடவே இருக்கிறது. பிஎச் குறையக் குறைய ஹிஸ்டிடின் புரோட்டான் ஏற்று உலோகத்தை விடுவதும் சேர்ந்துகொள்கிறது. இடிடிஏ இல்லாத மாத்திரை வாங்குங்கள். டிடிடிக்குப் பதில் அதே வேலை செய்யும் டிசெப், 0.5 மில்லிமோலார். சிட்ரேட்டை எம்இஎஸ் பஃபர் பிஎச் 6.5 ஆக்கி, பெக் அளவை மறுபடி தேடுங்கள். வளர்ப்பு மீடியத்திலும் ஹெப்பெஸ் பஃபரிலும் 50–100 மைக்ரோமோலார் ஜிங்க் குளோரைடு போதும். பாஸ்பேட் பஃபர் கூடவே கூடாது, ஜிங்க் பாஸ்பேட்டாகப் படிந்துவிடும். படிகம் வளர்க்கும் டிராப் (சொட்டு) வைக்குமுன் டீசால்ட் (உப்பு நீக்கம்) செய்து மிச்ச ஜிங்க்கை நீக்குங்கள்.

பதில் (பீம்லைன்):
அது ஜிங்க்தானா என்பதையும் பாருங்கள். நிக்கல் காலத்திலிருந்து நிக்கல் ஏறியிருக்கலாம். ஜிங்க் கே-எட்ஜ் (எக்ஸ்ரேயை அந்த உலோகம் திடீரென அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல்) 9.659 கிலோ எலக்ட்ரான்வோல்ட், நிக்கலுக்கு 8.333. 9.75-இலும் 9.60-இலும் ஒவ்வொரு டேட்டாசெட் எடுங்கள். எட்ஜுக்கு மேலே (9.75) இருந்த அனாமலஸ் பீக் (உறிஞ்சும் உலோகம் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல்) கீழே (9.60) ஏறக்குறைய மறைந்தால் ஜிங்க். இரண்டிலும் நின்றால் வேறு உலோகம். ரிஃபைன்மென்ட்டில் (மாடலை டேட்டாவுக்குப் பொருத்தும்போது) பி-ஃபேக்டரையும் ஆக்குபன்சியையும் ஒன்றாக அவிழ்த்துவிடாதீர்கள், 2.0-இல் ஒன்று மற்றதை இழுக்கும். பி-யை அண்டை அணுக்களின் சராசரியில் கட்டிவைத்து ஆக்குபன்சியை மட்டும் ஓட்டுங்கள். சிஸ்208 கந்தகத்தை ஒட்டிப் பச்சை மேடு (மாடலில் இல்லாத எலக்ட்ரான்) தெரிந்தால் ஆக்சிஜனேற்றம். அந்த மூலக்கூறுகளில் ஜிங்க் கந்தகத்திலிருந்து 2.3 ஆங்ஸ்ட்ராமில் உட்காரவே உட்காராது.

கேள்வி (மேப்வாசி):
இருக்கும் படிகத்தையே 1 மில்லிமோலார் ஜிங்க்கில் ஊறவைத்தால்?

பதில் (துத்தநாகன்):
சிட்ரேட் டிராப்பில் வீண்வேலை, போட்டதில் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். முதலில் எம்இஎஸ் கரைசலுக்கு மாற்றினால் முயலலாம், ஆனால் மேற்பரப்பு ஹிஸ்டிடின்களில், குறிப்பாக வெட்டாத ஹிஸ்-டேகில் (சுத்திகரிக்கப் புரதத்தில் சேர்த்த ஹிஸ்டிடின் வால்), தேவையில்லாத ஜிங்க் ஒட்டும். மெரோபெனெம் சோக்கில் கிடைப்பது பெரும்பாலும் உடைந்த மருந்துதான். உடைந்த வளையத்து நைட்ரஜனும் பக்கத்துக் கார்பாக்சிலேட்டும் பிடிப்பது இரண்டாவது ஜிங்க்கை. அது பாதி காலி என்றால் மேப்பில் மருந்தின் எலக்ட்ரான் டென்சிட்டியும் பாதிதான் வரும்.