அம்மாவின் இடது இமை இறங்குகிறது, தசையில் பழுதில்லையாம். அப்புறம் ஏன்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அம்மாவுக்கு 64 வயது. போன வருடம் இடது கண்ணில் புரை ஆபரேஷன். பார்வை தெளிவு. ஆனால் சில மாதமாக அந்த இமை பாதிக் கண்ணை மூடுகிறது. ரவிக்கைக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்தால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே தைக்கிறார். பாலக்காட்டில் காட்டினோம். டாக்டர் ‘மசிலினு குழப்பமில்ல’ என்றார். மலையாளத்தில் அது பழுதில்லை என்று தெரியும்; என் குழப்பம் அங்கேதான் தொடங்கியது. சீட்டில் ‘அப்போநியூரோசிஸ்’ என்று இருக்கிறது. இமைக்குள் எலும்பு தேய்ந்துவிட்டது என்கிறார் அத்தை. இமைக்குள் எலும்பு உண்டா?

கோபாலபுரத்து அக்கா (கண் பரிசோதகர்):
இல்லை தம்பி. குருத்தெலும்புகூட இல்லை, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இமைக்கு விறைப்பு தருவது டார்சஸ் என்னும் நார்த்தகடு. சுமார் 1 மி.மீ. தடிமன், மேல் இமையில் நடுவே 10 மி.மீ. உயரம், கீழ் இமையில் அதில் பாதிகூட வராது. இரண்டு ஓரத்திலும் நார்களால் கண்குழி எலும்போடு கட்டியிருக்கும். கண்ணீரை உலராமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளும் அதற்குள்தான்.

இனி உங்கள் ஊர்க் கிணற்றை நினையுங்கள். இமையைத் தூக்கும் தசை கண்குழியின் பின்கோடியிலிருந்து கண்ணுக்கு மேலாக முன்னே வருகிறது. குறுக்கே விட்னல் தசைநார் இருக்கிறது, அதுதான் கப்பி. பின்னோக்கிய இழுப்பு அங்கே மேல்நோக்கித் திரும்புகிறது. கப்பிக்குக் கீழே தசை தட்டையான நார்விரிப்பாகி டார்சஸின் முன்புறத்தைப் பிடிக்கிறது. அந்த விரிப்புதான் அப்போநியூரோசிஸ். வயதாலோ புரை ஆபரேஷனுக்குப் பிறகோ அது மெலியலாம், விலகலாம். இறைக்கிறவருக்குத் தெம்பு இருக்கிறது. வாளியில் போட்ட முடிச்சு நழுவிவிட்டது. இமை மடிப்பு மற்ற கண்ணைவிட ஏறியிருக்கிறதா?

வேலந்தாவளம் பாய்:
சாயங்காலம் கூடுதலாக இறங்குகிறதா, எதுவும் இரண்டாகத் தெரிகிறதா என்றும் கேளுங்கள். அப்படியானால் நரம்பு-தசைக் கோளாறாக இருக்கலாம். திடீர்த் தலைவலி, கண்மணி அளவில் வித்தியாசம் வந்தால் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்மணி சமம். காலையும் மாலையும் ஒரே இறக்கம், இரட்டையாகத் தெரியவில்லை. மடிப்பு நன்றாக ஏறியிருக்கிறது. குனிந்து தைக்கும்போது இமை இன்னும் தாழ்கிறது. மறுபடி கட்டிவிடலாமா?

கோபாலபுரத்து அக்கா:
எல்லாம் ஒத்துப்போகிறது, ஆனாலும் முடிவு டாக்டருடையது. விரிப்பை முன்னே இழுத்து டார்சஸில் தைப்பார்கள். பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டுத்தான். நடுவே கண்ணைத் திறக்கச் சொல்லி உயரம் பார்ப்பார்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
படித்துக் காட்டினேன். ‘என் கண்ணிலும் கொக்கிதானா’ என்கிறார்.