புதுப்பிப்பு: பழைய நண்பர்களோடு போர்டு கேம் இரவு

பள்ளிக்கூடத்து நண்பர்கள் மதுரை வீட்டுக்கு வருகிறார்கள், என்ன ஆடலாம் என்று கேட்டிருந்தேன். பலரும் சொன்ன 'கட்டான்' ஆட்டத்தையே சனிக்கிழமை ஆடினோம். செங்கல், ஆடு, கோதுமை மாதிரியான சீட்டுகளைச் சேர்த்து, பேரம் பேசி மாற்றி, ஊர் கட்டும் ஆட்டம் இது; 1995-இல் ஜெர்மனியில் வந்தது. அடிப்படைப் பெட்டியில் 4 பேர்தான் ஆடலாம், அதனால் ஐந்தாமவன் பேங்கர், சீட்டு எடுத்துக் கொடுப்பவன்.

"செங்கல் கொடுடா, ஆடு தர்றேன்" என்று பேரம் சூடுபிடித்தது. மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் பார்ப்பவனிடம் யார் ஜெயிப்பது? கை நிறையக் கோதுமைச் சீட்டு. பகடையில் 7 விழுந்தது. 7 சீட்டுக்கு மேல் வைத்திருந்தால் பாதியைக் கொடுத்துவிட வேண்டும். "என்னடா இது, ஜிஎஸ்டியா?" என்று கத்தினான் பாருங்கள்!

அப்புறம் கறி தோசை வந்தது. ஜெயிக்கத் தேவையான 10 புள்ளியை யாரும் தொடவில்லை. சரி, 6 பேர் வரை ஆடும் கூடுதல் பெட்டி மதுரையில் எங்கே கிடைக்கும்?