சிக்குன்குன்யா போய் மாதங்கள் ஆகியும் அம்மாவின் கைவீக்கம் வடியவில்லை: இது முடக்குவாதமா (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்)?

வனிலாக்கொடி (சேந்தாந்த்ரே, ரெயூனியன்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58. 2025 ஏப்ரலில் இங்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்த பிரெஞ்சுத் தீவில், வீட்டுக்கு வீடு ஆள் படுத்துக் கிடந்த நேரத்தில் அம்மாவுக்கும் சிக்குன்குன்யா வந்தது. பி.சி.ஆர். பாசிட்டிவ். காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது, மூட்டுவலி மட்டும் இறங்கவே இல்லை. இரண்டு கையிலும் விரல் மொளிகள், மணிக்கட்டு, அப்புறம் காலில் விரலடி, எல்லாம் வீங்கியிருக்கின்றன. காலையில் காப்பித் தம்ளரைப் பிடிக்க முடிவதில்லை. ஒன்பது ஒன்பதரை ஆனால்தான் கை மடங்குகிறது. கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் சாமந்தி மாலை கட்டிக் கொடுப்பது அம்மாதான். இப்போது முடிச்சுப் போட விரல் வரவில்லை, அத்தை கட்டுகிறார்.

எங்கள் டாக்டர் பொறுமையானவர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் "சிக் வலி, போகப் போகச் சரியாகும்" என்று டோலிப்ரான் (பாரசிட்டமால்) எழுதிக் கொடுக்கிறார். நடுவில் ஒரு வாரம் கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்தார். அந்த வாரம் அம்மா பழையபடி நடமாடினார். நிறுத்தியதும் வீக்கம் திரும்பிவிட்டது. லேப் ரிப்போர்ட்டில், முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் இரண்டு ரத்தச் சோதனைகளில் ருமட்டாய்டு ஃபேக்டர் கொஞ்சம் கூடுதல், ஆன்ட்டி-சி.சி.பி. நெகட்டிவ். அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. 18.

இது முடக்குவாதமா, இல்லை சிக்குன்குன்யாவின் மிச்சமா? ஸ்பெஷலிஸ்டிடம் போக வேண்டுமா, இன்னும் பொறுக்க வேண்டுமா? அப்பா பிளேன் தே கிரேக் போய் மஞ்சள் வாங்கி வந்து தினமும் கஷாயம் போட்டுக் கொடுக்கிறார். தம்பி என்னவென்றால், ஜெர்மனியில் ஏதோ செல் சிகிச்சையில் இந்த மாதிரி நோய்கள் அடியோடு போகின்றன என்று வீடியோ அனுப்புகிறான். எதை நம்புவது என்று புரியவில்லை.


தெற்குக்கரை (சேன் பியேர்) எழுதியது:

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. காரைக்காலில் பிறந்து, கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்து, மூட்டு நோயாளிகளைப் பார்க்கும் பிரிவில் நர்ஸாக வேலை செய்கிறேன். அம்மாவைப் பார்க்காமல் இதுதான் நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இனிமேல் பொறுக்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். 2014-ல் பிரான்ஸில் சிக்குன்குன்யாவுக்கென்றே ஒரு சிகிச்சை வழிகாட்டி வந்தது. அதற்குப் பாதி அனுபவம் நம் தீவு கொடுத்தது. 2005-06-ல் இங்கே சுமார் 2 லட்சத்து 66 ஆயிரம் பேருக்கு வந்ததே, மூன்றில் ஒருவருக்கு மேல். அந்த வழிகாட்டி நோயை மூன்று கட்டமாகப் பிரிக்கிறது. முதல் 21 நாள் ஒன்று, அங்கிருந்து மூன்றாம் மாத முடிவு வரை ஒன்று, அதற்குப் பிறகு நாள்பட்ட கட்டம். உங்கள் அம்மா மூன்றாவது கட்டத்துக்கு வந்து ரொம்ப நாளாயிற்று. இந்தக் கட்டத்தில் டாக்டர் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. வெறும் வலியா, மூட்டுக்குள் அழற்சியா? வீக்கம் இல்லாமல் தோளோ முட்டியோ வலிப்பது, மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல் மரப்பது, இவர்களுக்கு உடற்பயிற்சியும் வலிமருந்தும் பெரும்பாலும் போதும். ஆனால் சின்ன மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்கி, காலையில் மணிக்கணக்கில் விறைத்து, கார்ட்டிசோனுக்கு அடங்கி, நிறுத்தியதும் திரும்புகிறது என்றால் அது வேறு. நீங்கள் எழுதியது அப்படியே இரண்டாவது வகை மாதிரி இருக்கிறது. அந்த வகை ரூமட்டாலஜி டாக்டர், அதாவது மூட்டு நோய் ஸ்பெஷலிஸ்ட், பார்க்க வேண்டியது.

ரிப்போர்ட்டைப் பற்றி. ருமட்டாய்டு ஃபேக்டர் கொஞ்சம் ஏறியிருப்பதை வைத்து எதுவும் முடிவு கட்டாதீர்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகும் ஏறும், வயதானாலும் ஏறும், ஒரு நோயும் இல்லாதவருக்கும் இருக்கும். ஆன்ட்டி-சி.சி.பி. அப்படியில்லை, முடக்குவாதம் இல்லாதவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். பாசிட்டிவ் என்றால் பெரிய விஷயம். ஆனால் நெகட்டிவ் என்பதால் நிம்மதியடையவும் முடியாது. முடக்குவாதம் உள்ளவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு அது நெகட்டிவாக வரும். சிக்குன்குன்யாவுக்குப் பின் வரும் மூட்டழற்சியிலும் பெரும்பாலும் நெகட்டிவ்தான்.

2014-ல் ஹைட்டியில் தொற்று வாங்கி அமெரிக்கா திரும்பிய 10 பேரை அங்கே பின்தொடர்ந்து பார்த்தார்கள். 8 பேருக்கு மூட்டழற்சி நிலைத்தது. அந்த எட்டுப் பேரும் முடக்குவாதத்துக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்தும் 2010-ம் ஆண்டு அளவுகோலுக்கு அப்படியே பொருந்தினார்கள்! அதாவது வைரஸ் காய்ச்சலைப் பற்றிக் கேட்காமல் கையை மட்டும் பார்த்தால் அனுபவமுள்ள டாக்டரும் முடக்குவாதம் என்றே எழுதுவார். அதனால் போகும்போது அந்த பி.சி.ஆர். தாளைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

பெயர் எதுவானாலும் எலும்பு காத்திருக்காது. ரெயூனியனில் 2006 முதல் 2012 வரை இப்படி வந்த 159 பேரின் கோப்புகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 94 பேர் முன்பு எந்த மூட்டு நோயும் இல்லாதவர்கள், சிக்குன்குன்யாவுக்குப் பிறகுதான் நாள்பட்ட அழற்சி நோய் தொடங்கியது. அதில் 40 பேருக்கு முடக்குவாதம், 33 பேருக்கு முதுகெலும்பைச் சேர்ந்த வகை, 21 பேருக்கு இன்னதென்று பிரிக்க முடியாத வகை. பாதிப் பேருக்கு எக்ஸ்ரேயில் எலும்புச் சேதம் தெரிந்தது. இதே ஆய்வில் மெத்தோட்ரெக்சேட் எடுத்த 72 பேரில் 54 பேருக்குப் பலன் கிடைத்தது. வாரம் ஒரு தடவை போடும் பழைய, விலை குறைந்த மருந்து அது. எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மரியாதை உண்டு. நம் தீவு மக்களின் கைகளைப் பார்த்து எழுதியது, வேறு ஊர்க் கணக்கை நம் மேல் ஒட்டியது இல்லை.

மஞ்சள் சமையலில் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். தினமும் கெட்டியாகக் கஷாயம் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்பா மனம் நோகாமல் சொல்லுங்கள், அவர் அன்பில் செய்கிறார்.


கரும்புக்காடு (சேன் லூயி) எழுதியது:

அக்கா சொன்னது ஒவ்வொன்றும் என் உடம்பில் நடந்தது. 2006 பிப்ரவரியில் எனக்கு வந்தது, ஒரே வாரத்தில் நாற்பத்தையாயிரம் பேருக்கு மேல் விழுந்தார்களே, அந்தச் சமயம். கரும்பு ஆலையில் ஃபிட்டர் வேலை. ஸ்பேனர் பிடிக்க முடியாமல் போன எனக்கு அப்போது பார்த்த டாக்டர் வருஷக்கணக்கில் "சிக் மெதுவாகத்தான் போகும்" என்றே சொன்னார். கடைசியில் இன்னொருவர் கை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலது மணிக்கட்டில் எலும்பு அரித்திருந்தது. போன எலும்பு திரும்பி வராது. அப்புறம் மெத்தோட்ரெக்சேட், அது போதாமல் ஊசி. இப்போது வலி இல்லை, ஆனால் மணிக்கட்டு பாதிதான் திரும்பும்.

இன்னொரு விஷயம். தீவிர முடக்குவாதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சு அரசு மருத்துவக் காப்பீட்டின் நீண்டகால நோய்ப் பட்டியலில் 22-வது எண்ணில் வருவீர்கள், அந்த நோய்க்கான செலவுக்கு நூறு சதவீத ஈடு. லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் இன்னொரு நோய்) 21-ல் வரும். அம்மாவுக்கு எந்தப் பெயர் எழுதுகிறார்கள் என்பது அதனாலும் முக்கியம். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.


வனிலாக்கொடி எழுதியது:

அண்ணா, உங்கள் கையைப் பற்றிப் படித்து மனசு கனத்துவிட்டது. எழுதியதற்கு நன்றி.

அக்கா, ஒரு பயம் இருக்கிறது. வைரஸ் மூட்டுக்குள் இன்னும் ஒளிந்திருந்தால், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுப்பது ஆபத்தில்லையா? அத்தை இதைத்தான் கேட்கிறார்.


தெற்குக்கரை எழுதியது:

அத்தை கேட்டது சரியான கேள்வி, ஆராய்ச்சியாளர்களே இதில் மல்லுக்கட்டினார்கள். 2010-ல் நம் தீவிலிருந்து வந்த ஓர் ஆய்வில், ஒரு நாள்பட்ட நோயாளியின் மூட்டுச் சவ்வில் தொற்று வந்து 18 மாதம் கழித்தும் வைரஸின் தடயம் கிடைத்தது. எல்லாரும் பயந்தோம். பிறகு 2018-ல் கொலம்பியாவில் 38 நோயாளிகளின் மூட்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள், தொற்று வந்து நடுமதிப்பாக 22 மாதம் ஆனவர்கள். ஒருவரிடமும் வைரஸ் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உயிருள்ள வைரஸ் பெருகிக்கொண்டிருக்கிறது என்பதைவிட, வைரஸ் கிளப்பிவிட்ட அழற்சி அடங்காமல் தானாக ஓடுகிறது என்ற எண்ணத்துக்கே பலம் கூடுகிறது. நம் ஊரில் மெத்தோட்ரெக்சேட் எடுத்தவர்களின் அனுபவமும் அதற்கு ஒத்துப்போகிறது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுக்கக் கூடாத நேரம் ஆரம்பக் காய்ச்சல் கட்டம். அதை அம்மா எப்போதோ தாண்டிவிட்டார்.

சும்மாவும் தொடங்க மாட்டார்கள். கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள், ஹெபடைட்டிஸ் பி, சி, நெஞ்சு எக்ஸ்ரே, எல்லாம் பார்த்துவிட்டுத்தான்.


மோக்காமலை (ரோஸ் ஹில், மொரீஷியஸ்) எழுதியது:

பக்கத்துத் தீவிலிருந்து எழுதுகிறேன். எனக்கு லூபஸ், அதனால் தம்பி அனுப்பிய அந்த ஜெர்மன் செய்தியை வரி வரியாகப் படித்தவள். அது பொய் இல்லை. எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில், புற்றுநோய்க்குப் பயன்படுத்தும் கார்-டி சிகிச்சையை 2021-ல் முதன்முதலாக இருபது வயது லூபஸ் நோயாளி ஒருவருக்குக் கொடுத்தார்கள். நோயாளியின் டி செல்களையே எடுத்து, சோதனைக்கூடத்தில் மாற்றி, திரும்ப உடம்பில் விடுவது. அவை எதிர்ப்புச் சக்தியின் இன்னொரு வகை அணுக்களான பி செல்களைத் துடைத்துவிடுகின்றன, சில மாதத்தில் புது பி செல்கள் வருகின்றன, நோயைத் தூண்டும் பழைய பழக்கம் அவற்றிடம் இல்லை. 2024-ல் வெளியிட்டபோது கணக்கு 15 பேர்: லூபஸ் 8, தசையழற்சி 3, தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா 4. எல்லாரும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை நிறுத்திவிட்டார்கள். படித்த அன்று நான் அழுதேன்.

ஆனால் வனிலாக்கொடி, அந்த 15 பேரும் மற்ற மருந்துகள் கைவிட்ட, கடுமையான நோயாளிகள். சிகிச்சைக்கு முன் கீமோ மருந்து உண்டு, மருத்துவமனையில் படுக்க வேண்டும். உங்கள் அம்மா இன்னும் முதல் மருந்தையே தொடங்கவில்லை. தம்பியிடம் சொல்லுங்கள், அம்மாவுக்குப் பக்கத்திலிருக்கும் ஆராய்ச்சி வேறு ஒன்று. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும், ஆன்ட்டி-சி.சி.பி. பாசிட்டிவாக இருந்து வீக்கம் இன்னும் தொடங்காத 213 பேருக்கு, ஒரு பாதிக்கு அபடாசெப்ட் என்ற முடக்குவாத மருந்து ஊசி, மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் ஊசி கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் முடக்குவாதம் வந்தவர்கள் மருந்துப் பக்கம் 6 சதவீதம், வெறும் ஊசிப் பக்கம் 29. மருந்தை நிறுத்திய பிறகு இரண்டாம் வருட முடிவில் 25-க்கு 37 என்று இடைவெளி குறுகிவிட்டது. வருவதை முழுக்கத் தடுக்க முடியவில்லை, தள்ளிப்போட முடிகிறது. நோய் வருவதற்கு முன்பே கை வைக்கிற அளவுக்கு அவர்கள் அவசரப்படுகிறார்கள். நாம் வீங்கிய கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

என்னுடைய மருந்து இன்றும் ஹைட்ராக்சிகுளோரோகுயின்தான். எடைக்கு ஏற்ற அளவு, கண் பரிசோதனை. அதில்தான் என் பிள்ளைகளை வளர்த்தேன்.


வனிலாக்கொடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இந்தப் பதில்களை அச்செடுத்து டாக்டரிடம் போனோம். அவர் கோபப்படவில்லை, உட்கார்ந்து படித்தார். இரண்டு கைக்கும் பாதத்துக்கும் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் எழுதினார். ஸ்பெஷலிஸ்டுக்கு நம் முன்னாலேயே போன் செய்து, "மூன்று மாதத்துக்கு மேல், மூட்டு வீக்கத்தோடு" என்று சொல்லி அடுத்த மாதம் தேதி வாங்கிக் கொடுத்தார். அதுவரை என்ன செய்யலாம் அக்கா?


தெற்குக்கரை எழுதியது:

நல்ல டாக்டர். விடாதீர்கள் அவரை.

அதுவரை, காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, எந்தெந்த மூட்டு வீக்கம் என்று தினமும் ஒரு வரி எழுதி வையுங்கள். வீக்கம் அதிகமாக இருக்கும் காலையில் போனில் கையைப் படம் எடுங்கள், மதியம் டாக்டர் பார்க்கும்போது வடிந்திருக்கும். வீட்டில் மீதமிருக்கும் கார்ட்டிசோனை நீங்களாகக் கொடுக்காதீர்கள், அல்ட்ராசவுண்டில் தெரிய வேண்டிய அழற்சி மறைந்துவிடும்.

மெத்தோட்ரெக்சேட் எழுதினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், இதற்காகவே திரும்ப வந்து எழுதுகிறேன். அது வாரத்துக்கு ஒரே நாள். தவறித் தினமும் போட்டு உயிர் போனவர்கள் உலகம் முழுக்க உண்டு. எந்தக் கிழமை என்று பெட்டியின் மேல் தமிழிலும் பிரெஞ்சிலும் பெரிதாக எழுதுங்கள், அப்பாவுக்கும் அத்தைக்கும் காட்டுங்கள். ஃபோலிக் ஆசிட் வேறொரு நாள். காய்ச்சல் வந்தாலோ வாயில் புண் வந்தாலோ அடுத்த வேளையைப் போடாமல் முதலில் டாக்டருக்குப் போன். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும், முதல் மாதத்தில் வலி குறையவில்லை என்று அம்மா நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெஷலிஸ்ட் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள்.