😭🙏 இது மன்னிப்பா? யாருங்க இந்தப் பட்டியல எழுதினது

வெள்ளிமீன்:
ரெண்டு நாளா ஒரு படம் சுத்திட்டு இருக்கு, "இளைய தலைமுறையின் இமோஜி அகராதி"ன்னு தலைப்பு வேற. அதுல 😭🙏 ரெண்டும் சேந்து வந்தா "மனமுருகி மன்னிப்புக் கேட்பது"ன்னு போட்டிருக்கு. எங்க பெரியம்மா அத நம்பி, அவங்க தோழிகூட வந்த சின்ன மனஸ்தாபத்துக்கு அப்புறம் இதையே அனுப்பி, அத அந்தத் தோழியோட பொண்ணு பாத்துட்டு "அம்மா அவங்க உன்ன வச்சு சிரிக்கறாங்க"ன்னு சொல்லி, இப்ப ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. 😭🙏 னா "யப்பா சாமி முடியல, சிரிச்சே செத்தேன், விட்டுருடா"ன்னு அர்த்தம். 💀 சாவு இல்ல சிரிப்பு, 🧢 தொப்பி இல்ல பொய், 🐐 ஆடு இல்ல அந்தந்த துறையில அவர மிஞ்ச ஆள் இல்லன்னு சொல்றது. தெரியலன்னா எழுதாதீங்க ப்ளீஸ்.

பழையபேனா:
தம்பி, பட்டியல் தப்பு, சரி. ஆனா நீங்களும் பாதிதான் சொல்லியிருக்கீங்க. 😭🙏 வேற, 🙏😭 வேற. அழுகை முன்னாடி வந்து கை பின்னாடி வந்தா கிண்டல். கை முன்னாடி வந்து அழுகை பின்னாடி வந்தா நெசமாவே கெஞ்சறது. பெரியம்மா எந்த வரிசைல அனுப்பினாங்கன்னு சொல்லாம தீர்ப்பு சொல்ல முடியாது. வரிசைதான் இங்க இலக்கணம்.

கொக்கி:
வந்துட்டாருய்யா தொல்காப்பியர். கை முன்னாடி, கால் பின்னாடின்னு சூத்திரம் எழுத ஆரம்பிச்சாச்சு. போன மாசம் மெசேஜ் கடைசில முற்றுப்புள்ளி வச்சா கோவமா இருக்கான்னு அர்த்தம்னு நாங்க சொன்னப்ப "அது மரியாதை"ன்னு மூணு நாள் மல்லுக்கட்டினவர் இவர்தான், யாரும் மறந்துடாதீங்க.

பழையபேனா:
//மூணு நாள் மல்லுக்கட்டினவர்//
அந்த விவாதத்துல என் கடைசி கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. இப்ப அது வேண்டாம். வரிசைக்கு வாங்க. 👉👈 வெக்கம். அதையே 👈👉 ன்னு திருப்பிப் போடுங்க, வெக்கம் இருக்கா? ரெண்டு பேர் ரெண்டு பக்கம் வழி காட்டற மாதிரி இருக்கும். 2020ல எல்லாரும் போட்ட 👁️👄👁️ எடுத்துக்கோங்க, கண்ணு வாய் கண்ணுன்னு வந்தாதான் அந்த முழிக்கிற மூஞ்சி, 👁️👁️👄 ன்னு போட்டா எவனுக்கும் எதுவும் புரியாது. அப்ப வரிசை முக்கியமா இல்லயா? ஆமா இல்ல, ஒரே வார்த்தைல சொல்லுங்க.

அரைத்தூக்கம்:
எமோஷன்ல இருந்து வந்ததுதான எமோஜி, மனசுல என்ன தோணுதோ அந்த வரிசைல போட வேண்டியதுதான். இதுக்கு எதுக்கு இவ்ளோ சண்டை.

பழையபேனா:
அடிப்படையே தப்பு. எமோஷனுக்கும் எமோஜிக்கும் சம்பந்தமே இல்ல. ஜப்பானிய மொழில "எ" ன்னா படம், "மோஜி" ன்னா எழுத்து. 1999ல டோகோமோங்கற ஜப்பான் செல்போன் நிறுவனத்துக்காக ஷிகேதக்கா குரித்தா 176 படம் வரைஞ்சார், ஒவ்வொண்ணும் 12க்கு 12 புள்ளிதான். உலகத்துல முதல்முதலா வந்தது அதுதான். எழுத்துன்னு ஆயிட்டா வரிசை இல்லாம எப்படி? "கடி"யும் "டிக"வும் ஒண்ணா?

கொக்கி:
//உலகத்துல முதல்முதலா வந்தது அதுதான்//
உருட்டு. அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே, 1997ல ஜே-ஃபோன்ங்கற இன்னொரு ஜப்பான் கம்பெனி ஒரு போன்ல 90 படம் வச்சு வித்தாச்சு. அதுக்கு அப்புறம்தான் குரித்தா. அடிப்படை தப்புன்னு அடுத்தவங்களுக்கு பாடம் எடுக்கறதுக்கு முன்னாடி உங்க அடிப்படைய பாருங்க சார்.

பழையபேனா:
பரவலா ஜனங்க கைக்கு போய் சேந்தது எதுன்னுதான் நான் சொன்னேன். நியூயார்க்குல இருக்கற நவீன கலை அருங்காட்சியகம் 2016ல சேத்துக்கிட்டது குரித்தாவோட 176ஐதான், 90ஐ இல்ல. வரிசைக்கு பதில் சொல்லாம ஓடாதீங்க.

கொக்கி:
"முதல்முதலா" ங்கறது இப்ப "பரவலா" ஆயிடுச்சு. சூப்பர்.

வெள்ளிமீன்:
ஐயா பழையபேனா, நான் தம்பி இல்ல. பொண்ணு. அப்புறம் நானும் என் ஃப்ரெண்ட்ஸும் டெய்லி போடறது இது, எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 😭🙏 போட்டாலும் 🙏😭 போட்டாலும் அதே சிரிப்புதான். அவசரத்துல எந்த பட்டன் முதல்ல கைல படுதோ அது முதல்ல வரும், அவ்வளவுதான்.

பழையபேனா:
தம்பின்னு பொதுவாதான் சொன்னேன், மன்னிக்கணும் தங்கச்சி. ஆனா "எந்த பட்டன் கைல படுதோ" ன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் உங்க தலைமுறையே தப்பு பண்ணுது. வரிசை மாறினா பொருள் மாறும். கொடிய பாருங்க. போன்ல இந்தியக் கொடி தனி படம் இல்ல, ஆங்கில எழுத்து ஐ, என் ரெண்டுக்கும் உள்ள குறியீட அடுத்தடுத்து வச்சா கொடியா மாறுது. அதையே திருப்பி என், ஐ ன்னு வச்சா நிகரகுவா நாட்டுக் கொடி வரும். ரெண்டே ரெண்டு குறி, வரிசை மாறினா நாடே மாறுது! 🙏😭 மட்டும் மாறாதாம்.

ஒற்றைவரி:
நிகரகுவா மேட்டர் செம.

கொக்கி:
செமதான், ஆனா அது எழுத்துரு செய்யற வேலை, பேச்சுவழக்கு இல்ல. சாஃப்ட்வேர் சேத்து வைக்கறதும் ஜனங்க சேத்து பேசறதும் ஒண்ணா? 🥺 2018ல வந்துச்சு, அதுகூட 👉👈 சேத்து நாங்க வெக்கத்துக்கு போட ஆரம்பிச்சோம். 🥺👉👈 ன்னு பாதி பேர் போடறான், 👉👈🥺 ன்னு பாதி பேர் போடறான், ரெண்டுக்கும் ஒரே அர்த்தம். இங்க வரிசை எங்க போச்சு? பதில் சொல்லுங்க, ஆமா இல்ல, ஒரே வார்த்தைல.

பழையபேனா:
அங்க 👉👈 ஒரு சொல், 🥺 ஒரு சொல். சொல்லுக்குள்ள வரிசை மாறல. நான் சொல்றதுதான் அது.

கொக்கி:
அப்ப 😭 ஒரு சொல் 🙏 ஒரு சொல், மாத்தி போட்டா என்ன தப்பு? நீங்களே உங்க வாயால ஒத்துக்கிட்டீங்க. நன்றி வணக்கம்.

பழையபேனா:
ஒத்துக்கல. 😭🙏 ஒட்டுச்சொல். தனித்தனி இல்ல. திரும்ப சொல்றேன், அழுகை முன்னாடி வந்தா கிண்டல், கை முன்னாடி வந்தா கெஞ்சல்.

அரைத்தூக்கம்:
ஒரு நிமிஷம், 🙏 ஹை ஃபைவ் தான? ரெண்டு பேர் கை தட்டிக்கறது. நான் இத்தனை வருசமா அப்படித்தான் போட்டுட்டு இருக்கேன்.

வெள்ளிமீன்:
அண்ணா ப்ளீஸ் இப்ப அத ஆரம்பிக்காதீங்க.

நடுநிலா:
ஹை ஃபைவ் இல்லங்க. 2010ல யூனிகோட் (எல்லா போன், கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுப் பட்டியல்) 6.0ல சேத்தப்பவே அதோட பேரு "கைகூப்பிய நபர்"தான், ஜப்பான்ல தயவுசெஞ்சு, நன்றி ரெண்டுக்கும் போடுவாங்க. பழைய ஐபோன்ல கைக்குப் பின்னாடி மஞ்சள் வெளிச்சம் தெறிக்கற மாதிரி வரைஞ்சிருந்தாங்க, அதனால பல பேர் தட்டற கைன்னு நெனச்சாங்க, அப்புறம் அந்த வெளிச்சத்த எடுத்துட்டாங்க. குழப்பம் நியாயம்தான், ஆனா பேரு பேருதான்.

கொக்கி:
பேர வச்சு அர்த்தம் சொல்றதா இருந்தா 😤 யோட பேரு வெற்றிப் பெருமித முகம். எவனாவது ஜெயிச்சதுக்கு போட்டு பாத்திருக்கீங்களா, மூக்குல புகை விட்டு காண்டாதான் போடறான். 😪 பேரு தூக்க முகம், மூக்குல வர்றது தூங்கும்போது விடற குமிழி, ஜப்பான் காமிக்ஸ்ல அப்படி வரைவாங்க. ஜனங்க அத கண்ணீர்னு நெனச்சு சோகத்துக்கு போடறாங்க. யூனிகோட்ல ஒரு தடவை வச்ச பேர மாத்தவே மாட்டாங்க, அது விதி. ஜனங்க அர்த்தத்த மாத்திட்டே இருப்பாங்க. அதனால பேரும் வேண்டாம் வரிசையும் வேண்டாம்.

அரைத்தூக்கம்:
அப்ப நான் பத்து வருசமா எல்லாருக்கும் கும்பிடு போட்டுட்டு இருந்திருக்கேனா? இல்ல, எனக்கு அது ஹை ஃபைவ் தான், நான் மாத்திக்க போறதில்ல. கட்டைவிரல் பக்கம் பாருங்க, ரெண்டு கைக்கும் தனித்தனி சட்டை கையி.

ஒற்றைவரி:
ஒரே ஆளுக்கும் ரெண்டு சட்டை கையி இருக்கும் ப்ரோ.

பழையபேனா:
பக்கவாட்டுல போறோம். விஷயத்தோட கனம் புரியலன்னா சொல்றேன் கேளுங்க. இஸ்ரேல்ல 2017ல ஒரு வழக்கு. வீடு வாடகைக்கு கேட்டு வந்தவங்க, வீட்டுக்காரருக்கு ஆடற பொண்ணு, வெற்றி விரல், வால் நட்சத்திரம், அணில், ஷாம்பெய்ன் பாட்டில்னு வரிசையா அனுப்பினாங்க, அவரும் வேற யாருக்கும் தராம விளம்பரத்த எடுத்துட்டார், அப்புறம் இவங்க காணாம போயிட்டாங்க. நீதிமன்றம் 8,000 ஷெக்கல் கட்ட சொல்லிச்சு. வரிசையா வந்த இமோஜிய நீதிமன்றமே படிக்குது, உங்களுக்கு கைல படற பட்டன்!

நடுநிலா:
சார் அந்த தீர்ப்ப சரியா சொல்லுங்க. அது ஒப்பந்தம்னு அவங்க சொல்லல. மொத்தமா பாத்தா நல்ல உற்சாகம் தெரியுது, அத நம்பினதுல வீட்டுக்காரருக்கு நஷ்டம்னுதான் சொன்னாங்க. முன்னாடி அணிலா பின்னாடி பாட்டிலான்னு அங்க பிரச்சனையே இல்ல. ஒப்பந்தம்னு சொன்னது கனடால, 👍 வழக்கு. 2021ல ஒரு விவசாயிக்கு தானிய ஒப்பந்தத்த போட்டோ எடுத்து அனுப்பி உறுதி பண்ண சொன்னாங்க, அவர் வெறும் 👍 போட்டார், கிடைச்சதுக்குத்தான் போட்டேன்னு அப்புறம் சொன்னார். 2023ல கோர்ட் அது சம்மதம்தான்னு சொல்லி சுமார் 82,000 கனடா டாலர் கட்ட சொல்லிச்சு, 2024ல மேல்முறையீட்டுலயும் அதேதான். அங்க இருந்தது ஒரே ஒரு இமோஜி. வரிசைக்கு இடமே இல்ல.

பழையபேனா:
ஒரே ஒரு இமோஜிக்கே 82,000 டாலர்னா, ரெண்டு இமோஜிக்கு வரிசை எவ்வளவு முக்கியம்னு நீங்களே யோசிங்க.

கொக்கி:
😭🙏

பழையபேனா:
இது கிண்டல். அழுகை முன்னாடி இருக்கு. என் கருத்துக்கு ஆதாரம் கொடுத்ததுக்கு நன்றி.

கொக்கி:
🙏😭 இப்ப? இப்ப நான் உங்ககிட்ட கெஞ்சறேனா? சத்தியமா அதே கிண்டல்தான் சார், அனுப்பின நானே சொல்றேன்.

பழையபேனா:
அனுப்பறவன் நெனக்கறது முக்கியம் இல்ல, படிக்கறவனுக்கு என்ன போய் சேருதோ அதுதான் பொருள். எனக்கு கெஞ்சலாதான் வந்துச்சு.

நடுநிலா:
அப்படி பாத்தா முற்றுப்புள்ளி விவாதத்துல நீங்க நேர் எதிரா பேசினீங்க, "வைக்கற எனக்கு கோவம் இல்ல, படிக்கறவன் தப்பா எடுத்துக்கிட்டா நான் பொறுப்பில்ல" ன்னு.

பழையபேனா:
அது நிறுத்தக்குறி. இது வேற.

வெள்ளிமீன்:
எல்லாரும் பெரியம்மா என்ன வரிசைல அனுப்பினாங்கன்னு கேட்டீங்களே, இப்பதான் அவங்க போன வாங்கி பாத்தேன். 🙏😭🙏 ன்னு அனுப்பியிருக்காங்க. நாலு தடவை.

பழையபேனா:
கைதான் முதல்ல இருக்கு. கெஞ்சல். நான் முதல் பதில்லயே சொன்னேன்.

கொக்கி:
கடைசியும் கைதான் இருக்கு, நடுவுல 😭🙏 முழுசா இருக்கு, கிண்டலும் ஆச்சு கெஞ்சலும் ஆச்சு. உங்க இலக்கணப்படியே செல்லாது.

அரைத்தூக்கம்:
ரெண்டு ஹை ஃபைவ், நடுவுல ஒரு அழுகை.

வெள்ளிமீன்:
இது சிரிக்கற விஷயம் இல்ல. அவங்க பாவம், நெசமா மன்னிப்புதான் கேட்டாங்க, அந்த ஆன்ட்டி இன்னும் போன் எடுக்கல. 😂 மாதிரி ஒண்ணு, ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரங்க 2015ல அந்த வருசத்தோட சொல்லுன்னு தேர்ந்தெடுத்தது, இன்னிக்கு என் வயசுல யாராவது போட்டா பெருசுன்னு சொல்றோம். 😂 போய் 😭 வந்துச்சு, 💀 வந்துச்சு. இவ்ளோ வேகமா மாறறத ஒரு படத்துல பட்டியலா போட்டு பெரியவங்களுக்கு அனுப்பினா இப்படித்தான் ஆகும்னு சொல்லத்தான் நான் வந்தேன், யாரும் அத பத்தி ஒரு வார்த்தை பேசல.

பழையபேனா:
தங்கச்சி, அதுக்குத்தான் வரிசைய சொல்லிக்கொடுக்கணும்கறேன். ❤️‍🔥 பாருங்க, முதல்ல இதயம், நடுவுல கண்ணுக்கு தெரியாத ஒரு இணைப்பான், அப்புறம் தீ. தீய முன்னாடி போட்டா ஒட்டாது, தனித்தனியா நிக்கும். இதுக்கும் கொக்கி பதில் சொல்லட்டும்.

கொக்கி:
மறுபடியும் எழுத்துருவா. நிகரகுவாக்கு சொன்ன அதே பதில்தான், மேல போய் படிங்க.

பழையபேனா:
மேல பதில் இல்ல. நழுவல்தான் இருக்கு.

ஒற்றைவரி:
🫠 இதுக்கு என்ன அர்த்தம், யாராவது சொல்லுங்க, ஒருத்தர் எனக்கு அனுப்பியிருக்காங்க.

பழையபேனா:
தனியா வந்துச்சா, வேற எது கூடவாவது வந்துச்சா? எது முன்னாடி?

கொக்கி:
ப்ரோ இவர்கிட்ட மட்டும் கேக்காதீங்க. எனக்கு தனியா அனுப்புங்க, சொல்றேன்.

பழையபேனா:
பொதுவுல சொல்ல பயமா? முற்றுப்புள்ளி விஷயத்துலயும் இப்படித்தான் நடுவுல காணாம போனீங்க.

கொக்கி:
காணாம போகல சார், நீங்கதான் என்ன பிளாக் பண்ணீங்க.