உயர்தரம் எழுதவிருக்கும் பிள்ளைக்கு மனநல ஆலோசனை: திருகோணமலையில் யாரிடம் காட்டலாம்?

வணக்கம் உறவுகளே. நாங்கள் உவர்மலைப் பக்கம். என் தங்கச்சியின் மகளுக்கு 18 வயது, உயர்தரம் கணிதப் பிரிவு. கொஞ்ச நாளாகப் பிள்ளைக்கு நித்திரையே இல்லை. சாமத்திலும் மேசை லைற் எரிகிறது. எட்டிப் பார்த்தால் இணைந்த கணிதப் பழைய வினாத்தாளில் ஒரே கணக்கைச் செய்து அழித்து, செய்து அழித்து, கொப்பித் தாளே கிழிந்து போயிருக்கிறது. ரியூசனுக்கு வெளிக்கிடும் நேரம் பார்த்து வயிற்றைப் பிரட்டுகிறது என்கிறாள். ஸ்கேன் வரை எடுத்தாச்சு, ஒன்றுமில்லை. அம்மம்மா கோணேசருக்கு நேர்த்தியும் வைத்துவிட்டா, அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

போன கிழமை, "இசட் புள்ளி காணாவிட்டால் நான் இருந்து என்ன?" என்று கேட்டாளாம் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளியைத்தான் சொல்கிறாள்). அதற்குப் பிறகு அவளைத் தனியே விடுவதில்லை. 1926 தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்தோம். தமிழிலேயே பொறுமையாகக் கதைத்தார்கள், நேரில் காட்டச் சொன்னார்கள்.

பொது வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் எந்த நாட்களில் நடக்கிறது? கடிதம் கொண்டு போக வேண்டுமா, நேரே போகலாமா? தமிழில் கதைக்கக்கூடிய பெண் உளவள ஆலோசகர் யாராவது பின்னேரங்களில் பார்க்கிறார்களா? உப்புவெளி, நிலாவெளி என்றாலும் பரவாயில்லை. இதே வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போன அம்மாமார் இருந்தால், முதல் நாள் என்ன கேட்டார்கள் என்றும் சொல்லுங்கோ, அவளுக்கு அதுதான் பெரிய பயம்.

"போனைப் பறியுங்கோ" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், ப்ளீஸ். ஊருக்குள் தெரியக்கூடாது என்கிறாள், அதனால் இன்பொக்ஸில் எழுதினால் நல்லது.