சேஃப்கார்ட்ஸுக்கும் ‘பாதுகாப்பு’தானா? இந்த ஒரு சொல்லையாவது பிரிச்சு எடுப்போம்

எல்லாருக்கும் வணக்கம்.

அணு சம்பந்தமான ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடற நம்ம குழுவுல, அணு ஆயுதம் புதுசா வேற நாடுகளுக்குப் போகாம இருக்கறதுக்கான ‘நான்-ப்ரொலிஃபரேஷன்’ங்கறதை எப்படி எழுதறதுன்னு, ரெண்டு வாரமா ‘பரவல் தடை’யா ‘பரவாமை’யான்னு போயிட்டிருக்கு. ஐயா சொன்னதுதான் சரி, ‘அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம்’னு பத்திரிகையில ஊறிப்போச்சு, அது அப்படியே இருக்கட்டும். எனக்கு உறுத்துறது அதுக்கு அடுத்த வரியிலயே வர்ற சொல்லு, சேஃப்கார்ட்ஸ். அதையும் நாம ‘பாதுகாப்பு’ன்னு எழுதுறோம், சேஃப்டியும் பாதுகாப்பு, செக்யூரிட்டியும் பாதுகாப்பு. மூணும் வேற வேற வேலை. விபத்து நடக்காம, கதிர்வீச்சு கசியாம பாத்துக்கறது சேஃப்டி. திருடனோ தீவிரவாதியோ உள்ள வராம காக்கறது செக்யூரிட்டி. சேஃப்கார்ட்ஸ்ல விபத்தும் கிடையாது திருடனும் கிடையாது, அங்க சந்தேகமே அந்த நாட்டு அரசாங்கத்து மேலதான். மின்சாரத்துக்குன்னு வாங்கின யுரேனியம் கமுக்கமா குண்டுக்குப் போகுதான்னு வெளியாள் வந்து எண்ணிப் பாக்கறது.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம்னா, போன மாசம் ஒரு சின்ன பத்திரிகைக்கு எழுதின கட்டுரையில ‘கூடங்குளத்துல முதல் ரெண்டு உலைகளும் சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்பு ஏற்பாட்டுக்குள் வருகின்றன, கல்பாக்கம் உலைகள் வரவில்லை’ன்னு ஒரு வரி போட்டிருந்தேன். தகவல் சரிதான், 2006ல இந்தியா சிவில் உலைகளைத் தனியா பிரிச்சப்ப கல்பாக்கத்தை வெளியில வச்சுக்கிட்டாங்க. கூடங்குளம் பக்கம் வள்ளியூர்ல இருக்கற எங்க பெரியம்மா அதைப் படிச்சிட்டு போன் பண்ணி, “ஏலே, அப்ப கல்பாக்கத்துல பாதுகாப்பே கிடையாதா, நம்ம ஊருக்கு மட்டும் வெளிநாட்டுக்காரனே பாதுகாப்புன்னு எழுதிக் குடுத்துட்டானா?”ன்னு கேட்டாங்க. ஒரே வரியில ரெண்டு தப்பான அர்த்தம், ரெண்டுமே நான் போட்ட சொல்லால வந்தது. உலைக்குப் பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு எந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லியிருக்காங்கன்னு தெரியணும், அதை நம்ம மொழிபெயர்ப்பே மறைக்கக் கூடாது.

சொல்லு தேடுறதுக்கு முன்னாடி அந்த வேலை எப்படி நடக்குதுன்னு பாக்கணும், அதுக்கு அர்ஜென்டினா, பிரேசில் கதையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நாடு, ரொம்ப காலமா போட்டி, ரெண்டுலயும் ராணுவ ஆட்சி, ரெண்டு பேரும் பரவல் தடை ஒப்பந்தம் பாரபட்சமானதுன்னு சொல்லி கையெழுத்துப் போடல. ரெண்டு பேரும் ரகசியமா யுரேனியத்தைச் செறிவூட்டிக்கிட்டு இருந்தாங்க, அதாவது அதுல எரியற வகையான யுரேனியம் 235ஓட பங்கைக் கூட்டிக்கிட்டு இருந்தாங்க. அர்ஜென்டினா 1983 நவம்பர்ல பில்கானியேவுங்கற இடத்துல அதைச் செய்ய முடிஞ்சதுன்னு அறிவிச்சது, பிரேசில் 1987ல. ஆனா பிரேசில் அதிபர் சார்னே ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடியே அர்ஜென்டினா அதிபர் அல்ஃபோன்சினுக்குக் கடிதம் எழுதிச் சொல்லிட்டார். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் அல்ஃபோன்சின் அவரை பில்கானியேவுக்கே கூட்டிட்டுப் போய் காட்டியிருந்தார், அடுத்த வருஷம் அல்ஃபோன்சின் பிரேசில் கடற்படையோட அரமார் மையத்துக்குப் போனார். ரகசியமா கட்டின இடத்துக்குள்ள எதிராளி நாட்டு அதிபரையே கூப்பிட்டுக் காட்டினது சாதாரண விஷயம் இல்ல. பிரேசில் ராணுவம் அணு சோதனைக்குன்னு கஷிம்பு மலைத்தொடர்ல தோண்டி வச்சிருந்த குழியை 1990 செப்டம்பர்ல அதிபர் கோலோர் போய் மூடி வச்சார்.

ஆனா கூட்டிட்டுப் போய் காட்டறது வேற, எண்ணிப் பாக்கறது வேற. அது 1991ல வந்துச்சு. ஜூலை 18ஆம் தேதி குவாதலஹாராவுல ஒப்பந்தம் போட்டு, ‘அபாக்’னு ஒரு பொது அமைப்பை ரியோ டி ஜெனிரோவுல வச்சாங்க. பிரேசில்ல அங்ரா உலைக்கு அர்ஜென்டினா ஆய்வாளர் போவாங்க, அர்ஜென்டினாவுல அதுச்சா உலைக்கு பிரேசில்காரங்க போவாங்க. போறவங்க அவங்கவங்க நாட்டுல இதே தொழில்ல இருக்கறவங்க, அதனால ஏமாத்தறதும் லேசு இல்ல. அதே வருஷம் டிசம்பர்ல முகமையையும் சேத்து நாலு தரப்பு உடன்படிக்கை, அது 1994ல அமலுக்கு வந்தது. பரவல் தடை ஒப்பந்தத்துல அர்ஜென்டினா சேந்தது 1995, பிரேசில் 1998. அதாவது அந்தப் பெரிய ஒப்பந்தத்துல சேர்றதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர் கிடங்கை ஒருத்தர் எண்ண ஆரம்பிச்சிட்டாங்க.

எண்றதுன்னா நெஜமாவே எண்றதுதான். நம்ம ரேஷன் குடோன்ல இருப்புப் பதிவேட்டையும் மூட்டையையும் ஒத்துப் பாப்பாங்கல்ல அதே வேலை, புஸ்தகத்துல இருக்கற எடையும் தராசுல வர்ற எடையும் ஒத்துப்போகணும், கேமரா வைப்பாங்க, மூடியில கம்பி கோத்து சீல் வைப்பாங்க, அடுத்த தடவை வரும்போது சீல் அப்படியே இருக்கான்னு பாப்பாங்க. எவ்வளவு காணாமப் போனா கவலைன்னு முகமை ஒரு அளவு வச்சிருக்கு, புளுட்டோனியம் 8 கிலோ, உயர்செறிவு யுரேனியத்துல யுரேனியம் 235 மட்டும் 25 கிலோ.

இப்ப சேஃப்கார்ட்ஸுக்குத் தமிழ்ச் சொல்லா நீங்க குடுத்த பரிந்துரைகளுக்கு வர்றேன்.

> கண்காணிப்புன்னு வச்சா எல்லாருக்கும் புரியுமே

புரியும் அக்கா, ஆனா கேமரா வச்சுப் பாக்கற பகுதிக்கு அந்தச் சொல்லு தனியா வேணும், அதை இங்க செலவழிச்சா அங்க என்ன செய்வோம். இன்னொண்ணு, கண்காணி, கங்காணின்னா இலங்கையிலயும் மலேயாவுலயும் தோட்டத்துல நம்மாளுங்க தலைக்கு மேல நின்னவங்க ஞாபகம்தான் வரும். மேல இருந்து கீழ பாக்கற சொல்லு அது. அர்ஜென்டினா, பிரேசில் விஷயத்துல மேல கீழன்னு யாரும் இல்ல, அதுதான் அந்த ஏற்பாட்டோட அழகே.

> தணிக்கை

கணக்குப் பாக்கறது வருது, ஆனா சீல் வைக்கறது வரல, சினிமா சென்சார் ஞாபகம் வேற வருது.

> அணுக்காவல்

இதை செக்யூரிட்டிக்கு வச்சுக்கலாம் தம்பி, துப்பாக்கி பிடிச்சவர் வாசல்ல நிக்கறதுக்கு ‘காவல்’ கச்சிதமா இருக்கு.

என்னோட பரிந்துரை ‘காப்புக்கட்டு’. கோயில் திருவிழாவுக்கு காப்புக் கட்டிட்டா முடியற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லுவாங்கல்ல. மஞ்சள் கயிறு யார் காலையும் பிடிச்சு நிறுத்தாது, ஆனா தாண்டினா ஊருக்கே தெரிஞ்சுபோகும். சேஃப்கார்ட்ஸும் இதேதான். ஒரு கம்பியும் சின்ன உலோக மூடியும் ஒரு அரசாங்கத்தைத் தடுக்க முடியாது, எடுத்தா காலாகாலத்துல வெளியில தெரியும், அவ்வளவுதான் அதோட வேலை. ‘தடை’, ‘பாதுகாப்பு’ ரெண்டும் இந்த இடத்துல அதிகமா வாக்குக் குடுக்கற சொல்லு. வாக்கியத்துல போட்டுப் பாத்தேன்: காப்புக்கட்டு உடன்படிக்கை, காப்புக்கட்டுக்கு உட்பட்ட உலை, காப்புக்கட்டு ஆய்வாளர், இருதரப்புக் காப்புக்கட்டு. என் பழைய வரியும் ‘கூடங்குளம் முதல் ரெண்டு உலைகள் காப்புக்கட்டுக்குள் வருகின்றன, கல்பாக்கம் வரவில்லை’ன்னு ஆகிடும், பெரியம்மா பதற மாட்டாங்க, என்ன காப்புக்கட்டுன்னு கேப்பாங்க, அந்தக் கேள்விதான் எனக்கு வேணும்.

சாமி சடங்கு வாசனை அடிக்குதேன்னு சொல்லலாம், அது நியாயமான ஆட்சேபம். கூடங்குளம் உலைக்குப் பக்கத்துல இடிந்தகரையில படிக்கறவங்க சர்ச்சுக்குப் போறவங்க, அவங்களுக்கும் இது அந்நியமா தோணாம இருக்கணும். அப்படித் தோணும்னா ‘கணக்குக்காப்பு’க்கு நான் சம்மதிக்கறேன். பாதுகாப்புக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன்.

இந்தியா, பாகிஸ்தான் பத்தி எழுதவும் இந்தச் சொல்லு வேணும். அணுசக்தி நிலையங்களைத் தாக்க மாட்டோம்னு 1988 டிசம்பர் 31ல இஸ்லாமாபாத்துல ஒப்பந்தம் போட்டாங்க, 1992ல இருந்து வருஷா வருஷம் ஜனவரி 1ஆம் தேதி ரெண்டு நாடும் நிலையங்களோட பட்டியலைக் கொடுத்து வாங்கிக்கறாங்க, உறவு எவ்வளவு கெட்டாலும் அது நிக்கல, அதை நான் பெருசாவே மதிக்கறேன். ஆனா அது எங்கெங்க இருக்குங்கற பட்டியல் மட்டும்தான், உள்ள எவ்வளவு இருக்குன்னு ஒருத்தர் இன்னொருத்தர் வீட்டுல எண்றது கிடையாது. நம்ம பேப்பர்ல இதையும் ‘அணுசக்தி பாதுகாப்பு ஒப்பந்தம்’னு போட்டா, ரியோவுல இருக்கறதும் இஸ்லாமாபாத்துல போட்டதும் ஒண்ணுன்னுதானே படிக்கறவங்க நினைப்பாங்க. ‘இவங்களுக்குள்ள இருதரப்புக் காப்புக்கட்டு இன்னும் வரலை’ன்னு ஒரு வரி எழுத முடியணும்.

கடைசியா இன்னொண்ணு. புஸ்தகத்துக்கும் தராசுக்கும் வர்ற வித்தியாசத்துக்கு ‘கணக்கில் வராத பொருள்’னு ஐயா போட்டிருந்தீங்க. அது கறுப்புப் பணம் மாதிரி கேக்குது. அளவெடுக்கறதுல வர்ற சின்னப் பிசகு கூட அதுல அடக்கம், எல்லாமே திருட்டு இல்ல. ‘துண்டு’ன்னு வச்சா என்ன? கணக்குல துண்டு விழுதுன்னு எல்லாரும்தானே சொல்றோம். அணுப்பொருள் துண்டு, இந்த வருஷத் துண்டு 200 கிராம்னு சும்மா ஒரு உதாரணத்துக்கு எழுதிப் பாத்தேன், இயல்பாத்தான் இருக்கு. ஐயாவும் அக்காவும் பாத்துட்டு சொல்லுங்க.